ஹீற்றர் போடாத கார்

நோர்வேயின் வடக்கு ஓரத்தில், கார்த்திகை முடியுமுன் சூரியன் கடலுக்குள் இறங்கித் தை நடுவில்தான் மறுபடி தலைகாட்டும் ஸ்கார்னெஸ் என்ற மீன்பிடி ஊரில், மார்கழி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், வேலைக்குப் புறப்படுகிற நேரத்தில், குணநாயகம் தன்னுடைய மின்சாரக் காரின் கதவைத் திறந்தபோது பக்கத்து முன்சீற்றில் ஐஸால் ஆன ஓர் ஆள் உட்கார்ந்திருந்தது. முழங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து, இடக்கையை வலக்கையின் மேல் மடித்து, உடம்பைக் கொஞ்சம் கதவுப் பக்கம் திருப்பி, எந்த அவசரமும் இல்லாமல் அது காத்திருந்தது. முகம் இருக்க வேண்டிய இடம் வெறும் வழுவழுப்பாக இருந்தது. காலை வணக்கம் சொல்லலாமா என்று குணநாயகம் ஒரு கணம் யோசித்தார். காலையில் யாருக்கும் எதுவும் சொல்லுகிற பழக்கம் விட்டுப்போய் மூன்று வருடம் ஆகியிருந்ததால், பேசாமல் ஏறி உட்கார்ந்தார்.

காரை எடுத்ததும் சீற்பெல்ற் போடாத ஆளுக்காகக் கார் பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது. மீன் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் மெஷின் சத்தம் கேட்டுவிட்டு வருகிற மனிதருக்கு அந்தச் சத்தம் ஆகாது. எட்டிப் பெல்ற்றை இழுத்து அந்த ஆளுக்கு மாட்டிவிட்டார். கார் வாயை மூடிக்கொண்டது. ஆள்தான் என்று காரே முடிவு செய்துவிட்ட பிறகு குணநாயகத்துக்கு அதில் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. வழக்கம்போல ஹீற்றருக்குப் போன கையைப் பாதியில் நிறுத்தினார். பூச்சியத்துக்குக் கீழே பதினேழு பாகைக் குளிரில், மூச்சு வெள்ளையாகப் புகைய, கண்ணாடியின் உட்புறத்தை அட்டைத் துண்டால் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தபடி, தொழிற்சாலை வரைக்கும் ஓட்டிப் போனார்.

அந்த ஆள் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அதைச் சொல்லக்கூடியவர்கள் யாரும் ஸ்கார்னெஸில் இல்லை. குளிர்காலத்தில் மின்சாரக் கார் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும்: மாலையில் சார்ஜ் போடுகிற மூடி திறக்காது, காலையில், போட்ட பிளக் கழலாது. நோர்வேக்காரர்கள் அதற்கென்று ஸ்பிரே வைத்திருந்தார்கள். குணநாயகம் உப்பு ஒத்தடம் வைத்திருந்தார். கல்லுப்பை இரும்புச் சட்டியில் வறுத்து, மனைவி ஞானமலரின் பழைய பருத்திச் சேலைத் துண்டில் முடிந்து, வீங்கின முழங்காலுக்கு வைப்பதுபோல அந்த மூடியில் வைத்து எடுத்து, வைத்து எடுத்து, பத்து நிமிடம் செய்வார். ஐஸ் ஒரு முனகலோடு விட்டுக்கொடுக்கும். எதிர்வீட்டுக் குன்வோர், கணவனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு இருபது வருடமாகத் தனியே இருக்கிற எழுபது வயது மனுசி, கோப்பிக் கோப்பையோடு ஜன்னலில் நின்று இதைப் பார்ப்பாள், கையை உயர்த்துவாள், குணநாயகமும் கையை உயர்த்துவார். அவர்களுடைய இருபத்திரண்டு வருடப் பழக்கம் அந்த இரண்டு கைகளோடு முடிந்தது.

ஒத்தடம் அவர் பிந்திக் கற்றுக்கொண்டது. மூன்று வருடத்துக்கு முந்திய ஒரு மாசி மாதக் காலையில், நூற்றுப்பத்துக் கிலோமீற்றர் தள்ளியிருந்த பெரியாஸ்பத்திரியிலிருந்து, வர முடிந்தால் உடனே வாருங்கள் என்று அங்கே நோயோடு படுத்திருந்த ஞானமலருக்காகப் போன் வந்தபோது, முதல்நாள் மாலை செருகிய பிளக் வாய்க்குள் இருந்த ஐஸால் சரியாகக் கடிக்காமல், கார் இரவு முழுக்க ஒரு சொட்டு மின்சாரமும் குடிக்காமல் நின்றது தெரிந்தது. குணநாயகம் சுடுதண்ணி வைத்தார். காய்ச்சலுக்கும் சுடுதண்ணி, தடிமனுக்கும் சுடுதண்ணி, சுளுக்குக்கும் சுடுதண்ணி என்று வளர்ந்த மனிதர் வேறு என்ன செய்வார்? ஒரு கேத்தல், இரண்டு கேத்தல், நாலு கேத்தல். ஊற்றிய தண்ணீர் ஊற்றிய இடத்திலேயே இறுகி, மூடியும் பிளக்கும் வயரும் ஒரே கட்டியாகிவிட்டன. திருப்புளியால் குத்திக் குத்தி அதை விடுவித்து, சார்ஜ் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மாலை மூன்று மணி. ஞானமலர் பதினொரு மணிக்கே போயிருந்தாள், பக்கத்தில் ஒருவரும் இல்லாமல். ஒஸ்லோவிலிருந்து பறந்து வந்த மகள் நிரோஜா கேட்டபோது, பனியால் மலைரோட்டைப் பூட்டிப்போட்டார்கள் என்று சொன்னார். ஒரு மாரியில் பத்துத் தரம் பூட்டுகிற ரோட்டு அது. எல்லோரும் நம்பினார்கள். அன்றிலிருந்து அந்தப் பொய் அவரோடு ஒரே வீட்டில் குடியிருந்தது.

ஞானமலர் காரில் எப்போதும் அப்படித்தான் இருப்பாள், முழங்காலைச் சேர்த்து, கை மேல் கை வைத்து, கதவுப் பக்கம் கொஞ்சம் திரும்பி. முன்சீற்றில் இருப்பது யாரென்று குணநாயகத்துக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. அதை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஊர் அந்த ஆளை ஏற்றுக்கொள்ள ஒரு கிழமை எடுத்தது. அந்த ஊருக்கு அது விரைவு. முதலில் தொழிற்சாலை வாசலில் கூடி நின்று பார்த்தார்கள், பிறகு கண்ணாடியில் தட்டி வணக்கம் சொன்னார்கள், பிறகு சொல்லாமல் போனால் மரியாதைக்குறைவு என்று ஆகிவிட்டது. பாலர் பாடசாலைப் பிள்ளைகளை வரிசையாகக் கொண்டுவந்து காட்டினார்கள். பாதிரியார் தொப்பியைக் கழற்றினார். நாற்பது தமிழ்க் குடும்பங்கள் இருந்து, எல்லாம் ஒஸ்லோப் பக்கம் பெயர்ந்து, ஆறே ஆறு குடும்பங்கள் மிஞ்சியிருந்த தமிழ்ச் சங்கம் அவசரக் கூட்டம் போட்டு, அந்த ஆளை ஏழாவது குடும்பமாகச் சேர்த்துக்கொண்டது. சிலர் அதைக் காணாமல் போன தம்பி என்றார்கள், சிலர் கப்பலோடு போன தகப்பன் என்றார்கள். குன்வோர் ஒருநாள் ஜன்னலை விட்டிறங்கி வந்து, காரைச் சுற்றி ஒருதரம் நடந்து, "என் கணவன் ஆர்னெயின் தோள் இதைவிட அகலம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஊர்ச்சபையிலிருந்து கடிதம் வந்தது. தங்களுடைய வாகனத்தில் வசிக்கும் நபர் எவ்வளவு காலம் தங்க உத்தேசித்துள்ளார் என்று அதில் கேட்டிருந்தது. பனி உருகும்வரை என்று குணநாயகம் எழுதி அனுப்பினார். நாலாம் நாள், சித்திரை முடியும்வரை தங்கலாம் என்று முத்திரை குத்திய அனுமதி தபாலில் வந்து சேர்ந்தது. தனக்கு அதே மாதிரி ஒரு கடிதத்துக்கு நாலரை வருடம் அகதி முகாமில் காத்திருந்த குணநாயகம், அதை இரண்டு தரம் வாசித்து, மடித்து, பெல்ற்றுக்கும் ஐஸுக்கும் இடையில் செருகி வைத்தார்.

எல்லோரும் அந்த ஆளைப் பார்த்தார்கள். அந்த ஆளுக்குப் பக்கத்தில் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி இருந்த குணநாயகத்தைத்தான் பார்க்க மறந்துபோனார்கள். ஆறு வருடமாக அவரோடு வேலைக்கு வந்த இன்பராசா பின்சீற்றில் மூன்று நாள் விறைத்துப் பார்த்துவிட்டு நாலாம் நாள் கையைப் பிசைந்தான்.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை. என்ரை முழங்கால் ரெண்டும் இப்ப என்ரை சொல்லுக் கேக்குதில்லை. நான் பஸ்ஸிலை வாறன்."

"அதுக்கென்ன இன்பம், பஸ்ஸிலை வா" என்றார் குணநாயகம். அதன்பிறகு அந்தக் காரில் ஒருவரும் ஏறவில்லை. ஹீற்றர் போடாததால் பற்றரி குறையவே மாட்டேன் என்றது, ஓடுவதற்குக் கிலோமீற்றர் தாராளமாக மிஞ்சியது, ஆனால் போவதற்கு அவருக்கு இடம் இருக்கவில்லை. வேலை இல்லாத நாட்களில் காருக்குள் அந்த ஆளுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். இரண்டு சோடி காலுறை, மூன்று சுவெற்றர், தலையில் ஞானமலரின் கம்பளிச் சால்வை. அந்த ஆளிடம் அவர் ஒன்றும் பேசவில்லை. வாயைத் திறந்தால் முதலில் எது வெளியே வரும் என்று அவருக்குத் தெரியும், அதனால் திறக்கவில்லை.

பொங்கல் அன்றுதான் அந்தப் பிழை நடந்தது. சங்க மண்டபத்துக்குள் மின்னடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தபோது, கார் வாசலில் கதவு திறந்தபடி நின்றது. விருந்தாளியை வெளியே வைத்துவிட்டு நாங்கள் உள்ளே சாப்பிடுவதா என்று இன்பராசாவின் மனைவி கமலாம்பிகைக்கு மனம் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த ஆளை ஒரு தேத்தண்ணியாவது கொடுக்காமல் அனுப்புகிற குடும்பத்தில் அவள் பிறக்கவில்லை. இஞ்சி தட்டிப் போட்டு, சீனி தூக்கலாகப் போட்டு, ஆவி பறக்கிற கோப்பையை அந்த ஆளின் இடக்கையில் கொண்டுபோய் வைத்தாள். "குடியுங்கோ, ஆறப்போகுது" என்றாள். இரண்டு விரல்கள் ஒரு சத்தமும் இல்லாமல் உருகிப் போயின. கோப்பை விழுந்தது. கமலாம்பிகை போட்ட கூச்சலில் பொங்கல் பானையை ஒருவரும் கவனிக்கவில்லை, அடியில் பிடித்துவிட்டது.

அந்த விரல்கள் மறுபடி வளரவில்லை. எந்தக் குளிரிலும், எத்தனை நாள் வெளியில் நின்றும், வளரவில்லை. சங்கம் அறிவித்தல் ஒன்று எழுதிக் காரின் பின்கண்ணாடியில் ஒட்டியது: விருந்தாளிக்குச் சூடான எதையும் கொடுக்க வேண்டாம். அதற்குப் பிறகு மோரும் ஐஸ்கிறீமும் வந்தன.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் நிரோஜா போன் எடுத்தாள்.

"அப்பா, சனிக்கிழமை வாறன். ஆரணியையும் கொண்டு வாறன். ஏழு மாசமாச்சு, நீங்கள் அவளை இன்னும் கையிலை தூக்கேல்லை."

"இஞ்சை சரியான குளிரம்மா. பிள்ளைக்கு ஒத்துவராது."

"காருக்குள்ளை ஹீற்றர் இருக்குத்தானே?"

ரோட்டுப் பூட்டியிருக்கு என்று சொல்லிவிடலாம் என்று குணநாயகம் நினைத்தார். அந்தச் சொல் நாக்கு நுனிக்கு வந்தும்விட்டது, மூன்று வருடப் பழக்கத்தோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல். அவருக்கே அருவருப்பாக இருந்தது. விழுங்கிக்கொண்டார்.

"வா பிள்ளை" என்றார்.

செய்தி பரவியதும் ஊர் இரண்டாகவில்லை. முழு ஊரும் அந்த ஐஸ் ஆளின் பக்கம் நின்றது. அனுமதி சித்திரை வரைக்கும் இருக்கிறதே, அதற்குமுன் உருக்கலாமா என்று ஊர்ச்சபையில் கேட்டார்கள். பாலர் பாடசாலைப் பிள்ளைகள் படம் கீறி அனுப்பினார்கள். "பிள்ளையைப் போர்த்துக் கொண்டு வாங்கோ அண்ணை, ஹீற்றர் மட்டும் வேண்டாம்" என்று கமலாம்பிகை ஐந்து கம்பளிகளையும் இரண்டு சுடுதண்ணிப் பைகளையும் கொண்டுவந்து தந்தாள். அந்த ஆளை எடுத்து வேறெங்காவது வைக்கலாமா என்று இன்பராசாவும் குணநாயகமும் முயன்று பார்த்தார்கள். தூக்கியபோது தோளில் மயிரிழையாக ஒரு வெடிப்பு ஓடியது. இருவரும் கையை எடுத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை மதியம், நீல வெளிச்சம் ஒரு மணி நேரத்துக்கு வந்து போகிற வேளையில், விமான நிலையத்தின் கார் தரிப்பிடத்தில் நிரோஜா பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி நின்று, காரின் முன்கண்ணாடியூடாகக் கனநேரம் பார்த்தாள். இந்த ஐஸ் ஆளைப் பற்றி ஒஸ்லோத் தமிழர் எல்லோரும் அவளுக்கு வீடியோ அனுப்பியிருந்தார்கள். வீடியோவில் அவள் பார்த்தது வேறு, இங்கே இருந்தது வேறு.

"அம்மா முன்னுக்கு இருக்கிறா" என்றாள். "சரி, நான் பின்னுக்கு இருக்கிறன்."

தனக்கு மட்டும்தான் தெரியும் என்று குணநாயகம் நினைத்திருந்தார். பிள்ளையைச் சீற்றில் கட்டி, ஐந்து கம்பளியாலும் மூடி, சுடுதண்ணிப் பைகளை இரண்டு பக்கமும் வைத்து, காரை எடுத்தார். பத்துக் கிலோமீற்றருக்குள் சுடுதண்ணிப் பைகள் சூடாறின. ஆரணியின் மூக்கு சிவந்தது. பிறகு அவள் அழத் தொடங்கினாள், முதலில் மெதுவாக, பிறகு காரே நிறைந்துபோகிற அளவுக்கு.

"ஹீற்றரைப் போடுங்கோ அப்பா."

குணநாயகம் ரோட்டைப் பார்த்தார்.

"அப்பா. அம்மாவுக்குக் குளிராது. பிள்ளைக்குக் குளிரும்."

அவர் கை எழுந்தது, ஆனால் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. காரை ஓரங்கட்டினார். இந்த இருக்கை வெறுமையாகிவிட்டால் தனக்கும் அந்தப் பொய்க்கும் இடையில் வேறு ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் நன்றாக விளங்கியது.

"நான் அண்டைக்குப் பிந்தினது ரோட்டாலை இல்லைப் பிள்ளை" என்றார். "ரோட்டு திறந்துதான் கிடந்தது." ஐஸைச் சொன்னார், பிளக்கைச் சொன்னார், நாலு கேத்தல் சுடுதண்ணியைச் சொன்னார். பிள்ளை அழுதுகொண்டிருந்ததால் எல்லாவற்றையும் உரத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"முன்வீட்டிலை குன்வோர் இருந்தவ. அவவிட்டைக் கார் இருந்தது." என்றாள் நிரோஜா. "ஏன் நீங்கள் போய்க் கேக்கேல்லை?"

"ஒருநாளும் அந்தக் கதவைத் தட்டினதில்லைப் பிள்ளை. விடியக்காலமை போய் எப்பிடி..." இருபது அடி தூரம். அந்த இருபது அடியை நடக்கக் கூச்சப்பட்டு அவர் சுடுதண்ணி வைத்தார் என்பதுதான் உண்மை, அதற்கு வேறு பெயர் இல்லை.

"மூண்டு வருசமா நான் இந்த ரோட்டையெல்லோ திட்டிக்கொண்டிருந்தனான்!" என்று கத்தினாள் நிரோஜா. "போனிலை ரோட்டு நிலைமை பாக்கிறதெண்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும். ரோட்டைத் திட்டி என்ன பிரயோசனம், அது திரும்பி ஒரு சொல்லுக் கதைக்குமோ?" அவள் அழுதாள். பிள்ளையும் அழுதது. குணநாயகமும் அழுதார். இடையில் ஒருவர் மட்டும் அழாமல், கை மேல் கை வைத்து, கதவுப் பக்கம் திரும்பி இருந்தார்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு நிரோஜாதான் முதலில் ஓய்ந்தாள். "போடுங்கோ அப்பா" என்றாள். "போட்டுட்டு மெதுவா ஓடுங்கோ. அண்டைக்கு ஒருத்தரும் பக்கத்திலை இருக்கேல்லை. இண்டைக்கு மூண்டு பேர் இருக்கிறம்."

அவர் ஹீற்றரைப் போட்டார்.

நாற்பதில் ஓட்டினார், பிறகு முப்பதில். மடியில் இருந்த கைகள் முதலில் மெலிந்தன. தோளிலிருந்து நீர் பெல்ற் வழியே இறங்கி, ஊர்ச்சபையின் முத்திரையைக் கரைத்துக்கொண்டு ஓடியது. குணநாயகம் வாயைத் திறந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இருந்து சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் சொன்னார்: பிறீசரில் நீ வைத்துவிட்டுப் போன முருங்கையிலையை இன்னும் எறியவில்லை என்று, உன்னுடைய சிவப்புக் கோட்டை அலுமாரியில் அப்படியே வைத்திருக்கிறேன் என்று, நிரோஜாவின் பிள்ளைக்கு முகத்தில் உன்னுடைய நாடிதான் என்று. பயப்படாதை என்று சொன்னார். நான் இருக்கிறன் என்று சொன்னார். ஆரணி வெதுவெதுப்பில் உறங்கிவிட்டாள். மலையைக் கடக்கையில் பின்னால் ஒரு கார் சேர்ந்தது, பிறகு மீன் லொறி ஒன்று, பிறகு பஸ், இப்படியே பதினைந்து இருபது வண்டிகள். எல்லோருக்கும் அந்தப் பின்கண்ணாடி அறிவித்தல் தெரியும். உள்ளே கண்ணாடியில் ஆவி படிந்திருப்பதும் அவர்களுக்குத் தெரிந்தது. ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை, ஒருவரும் முந்தவில்லை.

ஊருக்குள் இறங்குகிற வளைவுக்கும் மீன் தொழிற்சாலைக்கும் இடையில் எந்த இடத்தில் என்று தெரியாது, முன்சீற்று வெறுமையாகி இருந்தது. குணநாயகம் காரை வீட்டு வாசலில் நிறுத்தி, நிரோஜாவையும் பிள்ளையையும் உள்ளே விட்டுவிட்டு, சால்வையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வீதியைக் கடந்தார். ஒருவர் போனால் பக்கத்து வீட்டுக்கு முதலில் சொல்ல வேண்டும், அதையும் போனில் சொல்லக்கூடாது, ஆள் போய்ச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய ஊர் வழக்கம். மூன்று வருடத்துக்கு முன், ஞானமலர் போனபோது, அவர் ஒரு வீட்டுக்கும் போகவில்லை.

குன்வோரின் கதவைத் தட்டினார். அவள் திறந்தாள். கையில் கோப்பிக் கோப்பை இருந்தது.

"என் மனைவி இறந்துவிட்டாள்" என்றார், நோர்வேஜிய மொழியில், ஒவ்வொரு சொல்லாக.

அது பழைய கதை என்று குன்வோர் சொல்லவில்லை. கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எப்போது?"

"சற்று முன்."

கடலில் கணவனைத் தனியே விட்டவள் அடுத்ததாக ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தனியாகவா போனாள்?"

"இல்லை" என்றார் குணநாயகம். "நான் பக்கத்தில் இருந்தேன்."